கையின் கீழ் இருப்பவன்: பண்டை எகிப்தின் எழுத்துத்தொழில் பழகுநனும் மொழிபெயர்ப்பாளர் பொறுப்பும்

பண்டை எகிப்தில் எழுத்துத்தொழில் பழகிய இளைஞனைப் பற்றிப் பொதுநூல்கள் வரையும் சித்திரம் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். அவன் சோம்பியிருந்தால் அடிபடுவான். மதுக்கடைப் பக்கம் போனால் ஏச்சு வாங்குவான். ஆயினும் எழுத்தர் பதவி கிடைத்துவிட்டால் வரியும் இல்லை, உடலுழைப்பும் இல்லை என்ற நம்பிக்கையில் யாவற்றையும் பொறுத்துக்கொள்வான். இச்சித்திரம் கற்பனையன்று. இதன் ஒவ்வொரு கூறுக்கும் பாப்பிரசு ஏடுகளிலோ கற்சில்லுகளிலோ சான்று உண்டு. ஆனால் இச்சான்றுகள் யாருடைய கூற்று என்று கேட்கும்போது சிக்கல் தோன்றுகிறது. அடியைப் பற்றியும் ஆசையைப் பற்றியும் பேசுபவன் பழகுநன் அல்லன். அவனுக்கு மேலிருந்த ஆசான். பழகுநன் செய்தது அவற்றைப் படியெடுத்தது மட்டுமே. அவன் முதலில் படியெடுத்த பனுவல்களோ அவன் வீட்டிலும் தெருவிலும் பேசாத மொழியில் அமைந்தவை.

அவ்வாறாயின் அவனுக்கே உரிய தடயம் எங்கே இருக்கிறது? அவன் செய்த பிழைகளிலும், அன்றன்று எழுதி முடித்த அளவைக் காட்ட இட்ட தேதிகளிலும், பாதியில் நின்றுபோன வரிகளிலும் இருக்கிறது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. மொழிபெயர்ப்பாளர் முதற்கண் துடைத்தெறிவதும் இவற்றைத்தான். ஆகவே இது வரலாற்றுச் சிக்கலாக இருப்பதோடு மொழிபெயர்ப்புச் சிக்கலாகவும் இருக்கிறது.

எகிப்திய எழுத்து உயிரொலிகளைக் காட்டுவதில்லை. இங்குத் தரப்படும் சொல்வடிவங்கள், எகிப்தியவியலார் மெய்களுக்கிடையே எகரம் முதலியவற்றைச் செருகி வழங்கும் வசதி ஒலிப்புகளே; பண்டை மக்களின் ஒலிப்பு எனக் கொள்ளலாகாது.

சில சொற்கள்

பழகுநனைக் குறிக்க எகிப்தியர் வழங்கிய சொற்களுள் முதன்மையானது ‘கெரி-ஆ’ என்பதாகும். ‘கெரி’ என்பது ‘கீழிருப்பவன்’. ‘ஆ’ என்பது ‘கை’. நேர்ப்பொருள் ‘கையின் கீழ் இருப்பவன்’. ஆங்கில நூல்கள் இதனை உதவியாளன் என்றும் பயிற்சியாளன் என்றும் மாணவன் என்றும் இடத்துக்கு இடம் மாற்றி வழங்குகின்றன. தமிழில் ‘கையாள்’ என்பது அமைப்பால் மிக அணுக்கமானது. ஆனால் இற்றை வழக்கில் அது தீயவனுக்கு ஏவல் செய்பவன் என்ற பொருளுக்கு இறங்கிவிட்டது. ‘சிற்றாள்’ கட்டடப் பணிக்குரியதாய் நிலைத்துவிட்டது. ‘மாணாக்கன்’ எனின் பள்ளியும் பருவமும் நினைவுக்கு வருமேயன்றித் தொழில் வராது. அரசாணைத் தமிழின் ‘தொழிற்பழகுநர்’ சற்று வறண்ட சொல்தான். எனினும், பணியிலிருந்துகொண்டே கற்பவன் என்னும் கருத்தை அது ஒன்றே பிசகாமல் தருகிறது. இங்குப் ‘பழகுநன்’ என்னும் வடிவம் மேற்கொள்ளப்படுகிறது.

‘செஷ்’ என்னும் சொல்லோ வேறுவகைத் தொல்லை தருவது. ‘எழுத்தாளர்’ என்றால் இன்று படைப்பாளி; ‘கணக்கர்’ என்றால் எண் மட்டும் மிஞ்சும். தானியம் அளந்ததைப் பதிந்து, கூலி வழங்கியதைக் குறித்து, வராதவர் பெயரை நாட்குறிப்பில் ஏற்றிய மனிதரை ‘எழுத்தர்’ என்று அழைப்பதில் குறையொன்றும் இல்லை. அச்சொல்லின் அலுவலக வாடை இங்கு வேண்டிய வாடையே. ஓரிடத்தில் தமிழ் பிற மொழிகளைவிட வாய்ப்பாக அமைந்துள்ளது. கல்லறைச் சுவரில் உருவரை தீட்டியவரை எகிப்தியர் ‘செஷ்-கெத்’ என்றனர்; எழுதுவதற்கும் வரைவதற்கும் அவர்களுக்கு ஒரே வினை. ஓவியம் எழுதுதல், கண்ணுக்கு மை எழுதுதல் என்று வழங்கும் நமக்கு இதனை விளக்க அடிக்குறிப்பு வேண்டியதில்லை.

‘செபா’ என்பது கற்பித்தல். ‘செபாயித்’ அதன் பெயர்வடிவம், அறிவுரை நூல்வகைக்கும் அதுவே பெயர். இவ்வினையைக் கோலேந்தி அடிக்கும் மனிதனின் உருவையோ கோலேந்திய கையின் உருவையோ பொருட்குறியாக இட்டு எழுதுவர். இதைக் கண்டு, எகிப்தியர்க்குக் கற்பித்தலும் அடித்தலும் ஒன்றே என்று எழுதியோர் பலர். இம்முடிவு பொருட்குறியின் இயல்பை அறியாததன் விளைவு. அதே குறி வலிமை, எடுத்தல் முதலிய, விசையோடு தொடர்புடைய பல சொற்களிலும் வருகிறது. அது சொல்லின் பொருட்புலத்தைச் சுட்டுமேயன்றிச் சொல்லுக்கு வரையறை கூறாது. அவ்வாறே ‘செபா’ என்னும் ஒலி விண்மீனுக்கும் வாயிலுக்கும் உரியதாதலால், கல்வி விண்மீனை நோக்கித் திறக்கும் வாயில் என்று அழகுபடச் சொல்வோரும் உளர். ஒப்பொலிச் சொற்களை வைத்துப் பண்பாட்டுத் தத்துவம் கட்டும் வழக்கம் நம் நாட்டுக்கும் புதியதன்று.

பழகுநர் சிலரின் பெயர்கள் நமக்குக் கிடைத்துள்ளன. தீப்சு நகரின் மேற்குக்கரையில், அரசர் பள்ளத்தாக்கில் கல்லறைகள் குடைந்த தொழிலாளர் வாழ்ந்த ஊர் இன்று டெய்ர் எல்-மெதினா எனப்படுகிறது. பதினெட்டாம் அரசமரபின் தொடக்கத்திலிருந்து இருபதாம் அரசமரபின் இறுதிவரை, அதாவது ஏறத்தாழ கி.மு. 1500 முதல் 1100 வரை, மக்கள் அங்கு வாழ்ந்தனர். 1922 முதல் 1951 வரை பெர்னார் புரூயேர் நடத்திய அகழாய்வில் ஆயிரக்கணக்கான எழுத்துச் சில்லுகள் வெளிப்பட்டன. (இவற்றைப் ‘பானையோடு’ என்று எழுதுவது இங்குப் பொருந்தாது. பெரும்பாலானவை கல்லறை குடைந்தபோது தெறித்த சுண்ணக்கல் சிதறல்கள். ‘சில்லு’ என்பது இரண்டையும் தழுவும்.) இவ்வூரின் கல்லறை எழுத்தராக மூன்றாம் இராமெசேசின் 16ஆம் ஆட்சியாண்டில் அமர்த்தப்பட்ட அமென்நாக்த் ஓர் ‘செபாயித்’ இயற்றியுள்ளார். அதன் தலைப்பில், தம் ‘கெரி-ஆ’ ஆகிய ஹோர்மின் என்பவனுக்குச் சொன்னது என்று குறித்துள்ளார். ஆசானும் பழகுநனும் பெயரோடும் ஊரோடும் காலத்தோடும் நமக்குத் தெரிய நிற்கும் அரிய இடம் இது. ஆயினும் அங்கும் பேசுபவர் அமென்நாக்த், ஹோர்மின் கேட்பவன்.

பேசாத மொழி

பழகுநன் முதலில் கையிலெடுத்த பனுவல்களுள் ஒன்று ‘கெமித்’ எனப்படும் தொகுப்பு. கடித வாய்பாடுகளும் சிறு கதைக்கூறும் அறிவுரைத் தொடர்களும் கொண்ட இச்சிறுநூல் கி.மு. 2000ஐ ஒட்டிய காலத்தது. ஆனால் இதன் படிகளுள் மிகப் பெரும்பாலானவை கி.மு. 1300க்கும் 1100க்கும் இடைப்பட்டவை. எழுநூறு ஆண்டு இடைவெளியைப் பழகுநன் நாணல் எழுதுகோலின் முதல் கீற்றிலேயே தாண்ட வேண்டியிருந்தது. அவன் காலத்தில் ஹிரேட்டிக் என்னும் விரைவெழுத்து வலமிருந்து இடமாகக் கிடைவரியில் எழுதப்பட்டது. கெமித்தையோ பழைய முறைப்படி மேலிருந்து கீழாக நெடுவரிகளில், பழைய எழுத்துருக்களோடு எழுதினர். நெடுவரிகளுக்கிடையே கோடிட்டுக்கொள்வதும் உண்டு.

மொழிநிலையில் இடைவெளி இன்னும் பெரிது. கெமித்தின் மொழி இடைக்கால எகிப்தியம். பழகுநன் பேசியது பிற்கால எகிப்தியம். முன்னதில் சார்படைச்சொல் இல்லை. பின்னதில் பெயருக்கு முன் ஆண்பால், பெண்பால், பன்மைச் சார்படைகள் வந்துவிட்டன. ‘அவன் மகன்’ என்பதை முன்னது ‘சா-எஃப்’ என்னும். உடைமைப் பின்னொட்டு பெயரின் பின்னே நிற்கும். பின்னது ‘பாய்-எஃப் ஷெரி’ என்னும். உடைமை பெயரின் முன்னே சார்படையோடு ஒட்டி வரும், ‘மகன்’ என்ற சொல்லும் வேறு. எதிர்மறை இடைச்சொல்லும் வினைத்தொடர் அமைப்பும் மாறிவிட்டன. பாட்டி சொல்லக் கேட்ட மொழியின் பழைய வடிவம் என்று அவனால் உணர முடிந்திருக்கும். பொருள் எவ்வளவு விளங்கியிருக்கும் என்பது வேறு செய்தி.

இதனை இரட்டை வழக்கு என்று சொல்லித் தமிழோடு ஒப்பிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று தோன்றும். ஒப்புமை ஓரளவே செல்லும். இராமெசேசுகள் காலத்தில் பேச்சுக்கு அணுக்கமான பிற்கால எகிப்தியமும் எழுத்தில் ஏறிவிட்டது. கடிதமும் வழக்குரையும் கணக்கும் அதில் எழுதப்பட்டன. கதையிலும் அது புகுந்துவிட்டது. ஆக உயர்வழக்கு பழைய இலக்கியத்திற்கும் சமயத்திற்கும் அரச விளம்பரத்திற்கும் ஒதுங்க, அலுவல் யாவும் உயிருள்ள மொழியில் நடந்தது. விந்தை யாதெனில், அலுவலுக்கென்று பயிற்றப்பட்டவன் அலுவலில் வழங்காத மொழியிலிருந்து தொடங்கினான் என்பதே. கெமித் கற்பிக்கும் விளி வாய்பாடுகளை அவன் காலத்துக் கடிதங்கள் கைவிட்டு வேறு வாய்பாடுகளுக்கு மாறியிருந்தன. தன்னை ‘அங்குள்ள ஏவலன்’ என்று சுட்டும் பழைய பணிவுத் தொடர் அவற்றுள் ஒன்று. தமிழ் மொழிபெயர்ப்பாளர்க்கு ‘அடியேன்’ இருக்கக் கவலையில்லை. பழகுநனுக்கோ அது எழுதிப் பழக வேண்டிய, ஆனால் என்றும் எழுதப்போகாத ஒரு தொடர்.

எழுத்தைத் தனித்தனியாகக் கற்பித்தார்களா, சொல்லாகவும் தொடராகவும் கற்பித்தார்களா என்ற வினாவிற்கு, சொல்லும் தொடரும் என்றே ஹெல்முட் புருன்னர் 1957இல் வெளியிட்ட எகிப்தியக் கல்வி பற்றிய நூல் முதலாகப் பலரும் விடை கூறுகின்றனர். எழுத்துருக்கள் நூற்றுக்கணக்கில் இருந்து, கூட்டெழுத்தும் மிகுதியாக வழங்கும் ஒரு முறையில் இது இயல்பே. அவ்வாறு முழுத்தொடராக மனத்தில் பதிந்ததைப் பிரித்துப் பொருள் காணாமலே எழுத முடியும். பிழைகளைப் பற்றிப் பேசுமிடத்து இது பயன்படும்.

தந்தையின் தொழிலை இழித்தெழுதுதல்

கெமித்துக்கு அடுத்த நிலையில் அவன் எழுதியவற்றுள் துவா-கெத்தியின் அறிவுரை பெயர்பெற்றது. தந்தை ஒருவர் தம் மகன் பெப்பியைத் தலைநகரின் எழுத்துப்பள்ளியில் சேர்ப்பதற்காகப் படகில் அழைத்துச் செல்கிறார்; வழியில் ஒவ்வொரு தொழிலாக எடுத்து அதன் இழிவையும் நோவையும் சொல்லி, எழுத்தே மேல் என்கிறார். இது ‘தொழில்களின் அங்கதம்’ என்ற பெயரில் பரவியுள்ளது. இப்பெயர் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பியர் இட்டது. நூலே தன்னை ‘செபாயித்’ என்றுதான் அழைத்துக்கொள்கிறது. இது நகைச்சுவையா, முழு நம்பிக்கையோடு சொன்னதா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. மொழிபெயர்ப்பின் தலைப்பில் ‘அங்கதம்’ என்று எழுதினால் அவ்வழக்கில் தீர்ப்புக் கூறிவிட்டோம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

இந்நூலைத் தமிழாக்க முற்படுவோர்க்கு மற்றொரு இடர் காத்திருக்கிறது. செம்பு உருக்குவோன், முடி மழிப்போன், மண் மிதித்துக் கலம் வனைவோன், ஆற்றங்கரையில் துணி வெளுப்போன், மீன் பிடிப்போன் என வரிசையாக வரும் ஒவ்வொருவர்க்கும் தமிழில் ஆயத்தமான சொல் உண்டு. அச்சொற்களில் பல நம்மிடையே சாதிப்பெயர்களாகவும் வழங்குபவை. எகிப்தில் மகன் தந்தையின் தொழிலை மேற்கொள்வது பெருவழக்காயினும் அது நம் சாதியமைப்பன்று. அங்குள்ள ஏளனம் தொழிலின் நாற்றத்தையும் முதுகுவலியையும் பற்றியது, பிறப்பைப் பற்றியதன்று. சாதிச்சொல்லால் பெயர்த்தால் மூலத்தில் இல்லாத வன்மம் தமிழில் ஏறிவிடும். செயலைச் சொல்லும் வினையாலணையும் பெயர்களே இங்குத் தக்கவை. தொடர் சற்று நீண்டாலும் நட்டமில்லை.

இப்பனுவலின் படிகள் நூற்றுக்கணக்கில் கிடைத்த இடம் எது என்று எண்ணிப் பார்க்க வேண்டும். அவற்றுள் மிகப் பல டெய்ர் எல்-மெதினாவிலிருந்து வந்தவை. அவ்வூரார் கல்தச்சர், சிற்பிகள், உருவரை தீட்டுவோர். கையால் உழைப்பவனின் அவலத்தைச் சொல்லும் நூலைக் கையால் உழைப்போரின் பிள்ளைகள், தந்தை உளியால் தெறிக்கவிட்ட கற்சில்லின்மேலேயே எழுதினர். ஆசான் பெரும்பாலும் உறவினராகவோ தந்தையாகவோ இருந்ததையும் சில்லுகளில் உள்ள பெயர்கள் காட்டுகின்றன. இதை எழுதும்போது பிள்ளைக்கு நாணம் வந்ததா, நகைப்பு வந்ததா, பொருள் விளங்காமையால் ஒன்றுமே வரவில்லையா என்பதைச் சில்லு சொல்வதில்லை. ஆனால் அவ்வூரில் எழுத்தர் பதவிகள் விரல்விட்டு எண்ணத்தக்கவை என்பது தெரியும். எழுதக் கற்ற பலர் எழுத்தர் ஆகவில்லை. உருவரை தீட்டுவோராகவும் கல்தச்சராகவுமே வாழ்ந்தனர். எழுத்தறிவு எகிப்து முழுதும் நூற்றுக்கு ஒருவர் அளவில்தான் இருந்திருக்கும் என்று ஜான் பெய்ன்சும் கிறிஸ்டஃபர் அயரும் 1983இல் மதிப்பிட்டனர். இவ்வூரில் அது மிகக் கூடுதல். அக்கூடுதலே அவர்கள் எழுத்தை எவ்வளவு விரும்பினர் என்பதற்கும், அவ்விருப்பத்திற்கு எவ்வளவு சிறிய வாயில் இருந்தது என்பதற்கும் சான்றாகிறது.

பழகுநனின் நம்பிக்கையைக் கணக்கேடுகள் வேறு முகத்தில் காட்டுகின்றன. தொழிலாளி ஒருவருக்கு மாதக் கூலி ஐந்தரைக் ‘கர்’ தானியம். நான்கு கர் கோதுமை வகை, ஒன்றரைக் கர் வாற்கோதுமை. ஒரு கர் ஏறத்தாழ 76 லிட்டர். மேற்பார்வையாளருக்கு ஏழரை. பணியில் முழு இடம் பெறாத இளைஞருக்கு இதில் பாதிக்கும் குறைவு. கல்லறைப் பணிக்குழுவின் அளவு அரசாணைப்படி ஏறியிறங்கும். நான்காம் இராமெசேசின் காலத்தில் 120 பேராக உயர்ந்தது பின்னர் 60ஆகக் குறைக்கப்பட்டது. இடம் விழும்வரை காத்திருப்பதே இளமை. மேலோர்க்குக் கொடுத்த பொருள்களைப் பட்டியலிட்டு, ‘சிறுவனை’ உயர்த்துவதற்காகக் கொடுத்தவை என்று ஒருவர் குறித்து வைத்துள்ள சில்லும் உண்டு. இலக்கியப் படிகளில் இல்லாத நம்பிக்கையின் விலை அங்குப் பொருள் பொருளாக எழுதப்பட்டிருக்கிறது. மூன்றாம் இராமெசேசின் 29ஆம் ஆண்டில், ஏறத்தாழ கி.மு. 1155இல், தானியம் வராமையால் தொழிலாளர் வேலையை நிறுத்தி வெளியேறினர். அந்நிகழ்ச்சியைப் பதிந்து வைத்தவர் ஹோர்மினின் ஆசானாகிய அமென்நாக்த் என்றே கருதப்படுகிறது. எழுதுகோல் பிடித்தவனுக்குப் பசி இல்லை என்று பழகுநன் படியெடுத்த நூல் சொல்லிற்று. அவன் ஆசானின் நாட்குறிப்பு வேறு சொல்லிற்று.

‘நீ’ என்பது யார்?

அடியும் ஏச்சும் மிகுதியாக வரும் பனுவல்கள் ‘பிற்கால எகிப்தியப் பல்தொகுப்புகள்’ எனப்படும் பாப்பிரசு ஏடுகள். ஆலன் கார்டினர் 1937இல் மூலத்தைத் தொகுத்து வெளியிட்டார். ரிக்கார்டோ காமினோசு 1954இல் முழு மொழிபெயர்ப்பும் உரையும் தந்தார். மாதிரிக் கடிதம், கடவுள் வாழ்த்து, பிறதொழில் பழிப்பு, சோம்பேறிக்கு அறிவுரை எல்லாம் இவற்றில் கலந்திருக்கும். சிங்கத்தையும் குதிரையையும் பழக்கிவிடலாம், உன்னைப் பழக்க இயலவில்லை என்பது மீண்டும் மீண்டும் வரும் ஏச்சு. இளைஞனுக்குக் காது முதுகில் இருக்கிறது, அடித்தால்தான் கேட்கும் என்ற கருத்தும் இங்குள்ளது. தான் இளைஞனாக இருந்தபோது மூன்று மாதம் கோயிலில் கட்டிவைக்கப்பட்டதாகவும், பெற்றோரும் உடன்பிறந்தோரும் வயலில் இருந்ததாகவும் ஐந்தாம் அனாஸ்தாசி ஏட்டில் ஒருவன் நினைவுகூர்கிறான். லான்சிங் ஏட்டில் நெப்மாரே-நாக்த் என்னும் உயர் எழுத்தர் தம் பழகுநன் வெனெம்தியாமுனை அறிவுறுத்துகிறார். அதே ஏட்டில் ஆசானுக்கு மாளிகை எடுப்பது பற்றிய புகழுரையும் வருகிறது.

அடால்ஃப் எர்மான் 1925இல் இவ்வேடுகளைப் பற்றி எழுதிய ஆய்வுக்கு ‘மாணவர் கையெழுத்தேடுகள்’ என்று பொருள்படும் தலைப்பிட்டார். அவ்வொரு சொல் ஏறத்தாழ எழுபது ஆண்டு நம் கண்களைக் கட்டிவிட்டது எனலாம். மாணவர் என்றதும் படிப்போர் மனத்தில் பத்து வயதுச் சிறுவர் வந்து அமர்ந்தனர். உண்மையில் இரண்டாம் சேத்தியின் காலத்தில் இத்தகைய ஏடுகள் சிலவற்றையும், இரு உடன்பிறந்தார் கதையையும், துவா-கெத்தியின் நூலையும் படியெடுத்த இனேனா கருவூலத்து எழுத்தராகவே தம்மைக் குறிக்கிறார். அவர்தம் ஆசான் காகெபும் கருவூலத்தவர். அண்மையில் ஃபிரெட்ரிக் ஹாகன் முதலியோர் இவ்வேடுகள் பள்ளிப் பயிற்சிகள் அல்ல, பணியிலிருந்த இளம் எழுத்தர் தம் தேவைக்கும் விருப்பத்துக்கும் தொகுத்துக்கொண்டவை என்று வாதிடுகின்றனர். இவ்வாதம் முழுவதையும் ஏற்காவிடினும் ‘கெரி-ஆ’வை மாணவன் என்று பெயர்ப்பதை இனியும் தொடர்வதற்கில்லை.

இங்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தவிர்க்க முடியாத ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். எகிப்திய முன்னிலை ஒருமையில் ஆண்பால், பெண்பால் வேறுபாடு உண்டு. மதிப்பு வேறுபாடு இல்லை. ஆசான் பழகுநனை விளிக்கும் ஒட்டும் பழகுநன் ஆசானை விளிக்கும் ஒட்டும் ஒன்றே. தமிழில் முன்னது ‘நீ’ ஆகவும் பின்னது ‘தாங்கள்’ ஆகவும் பிரிந்தே தீரும். பிரித்த கணமே மூலத்தில் இலக்கணம் சொல்லாத படிநிலையை நாம் சொல்லிவிடுகிறோம். அது பொய்யன்று, படிநிலை அவர்களிடம் விளியிலும் வாழ்த்திலும் அமைந்திருந்தது. ஆனால் ஏச்சுப் பகுதிகளில் ‘நீ’யோடு ‘டா’ சேர்த்து மேலும் இறக்குவது மொழிபெயர்ப்பாளரின் சொந்தச் சரக்கு. இளநிலை எழுத்தர் ஒருவர் தாமே தமக்கு எழுதி வைத்துக்கொண்ட ஏட்டில் வரும் ‘நீ சோம்பேறி’ என்னும் கருத்தின் ‘நீ’ யாரைச் சுட்டுகிறது? எழுதும் கையே அதன் இலக்கும் ஆகிறது. மரபுவழி வந்த ஏச்சைத் தன் பெயரிட்டு, தன் அழகிய கையெழுத்தில் எழுதிக்காட்டுபவன், தான் சோம்பேறி அல்லன் என்பதை அவ்வெழுத்தாலேயே மெய்ப்பித்துக்கொண்டிருக்கிறான். இப்பகுதிகளை வாழ்க்கைக் குறிப்பாகப் படிப்பது, மாதிரிக் கடித நூலிலிருந்து ஒரு குடும்பத்தின் வரலாற்றை எழுதுவதற்கு ஒப்பாகும்.

பிழையைப் பெயர்த்தல்

துவா-கெத்தியின் நூல் எகிப்திய இலக்கியத்திலேயே மிகவும் சிதைந்த பனுவல் என்று பெயர் வாங்கியது. வொல்ஃப்காங் ஹெல்க் 1970இல் அதன் படிகளைத் தொகுத்து ஒப்பிட்டு வெளியிட்டார். பழகுநர் சொல்லக் கேட்டு எழுதியதால் சிதைந்தது என்பது நெடுநாள் கொள்கை. குந்தர் புர்க்கார்ட் 1977இல் அறிவுரை நூல்களின் பிழைகளைப் படித்ததால் வந்தவை, கேட்டதால் வந்தவை, நினைவுப் பிசகால் வந்தவை எனப் பகுத்து அக்கொள்கையை அசைத்தார். ஹிரேட்டிக்கில் ஒத்த தோற்றமுடைய உருக்கள் மாறி வருவது கண்ணின் பிழை. முழுத்தொடர் இடம்மாறுவது நினைவின் பிழை.

மொழியியலார்க்கு இன்னொரு வகை கூடுதல் சுவை தருவது. பிற்கால எகிப்தியத்தில் பெண்பால் ஈறாகிய தகரம் ஒலிப்பில் மறைந்துவிட்டது. சொல்லிறுதி ரகரமும் பல இடங்களில் நலிந்தது. ஆகவே பழம்பனுவலைப் படியெடுப்பவன் தகரத்தை வேண்டிய இடத்தில் விடுகிறான். எழுத்தில் எங்கோ தகரம் வரவேண்டும் என்ற நினைவால் வேண்டாத இடத்திலும் இடுகிறான். இது மிகைத்திருத்தம். பழைய நடையில் சார்படை இல்லாத பெயருக்கு முன் தன் பேச்சின் சார்படை நழுவி விழுகிறது. வழக்கிறந்த சொல்லின் இடத்தில் ஒலியால் அணுக்கமான, பொருளால் பொருந்தாத உயிருள்ள சொல் வந்து அமர்கிறது. இவை அறியாமையின் அடையாளமாக மட்டும் கொள்ளத்தக்கவை அல்ல. ஆசானின் குரலும் முன்னோரின் குரலும் நிறைந்த பனுவலுக்குள் பழகுநனின் வீட்டுமொழி தலைகாட்டும் இடங்கள் இவையே. உயிரொலி காட்டாத எழுத்தில், பேச்சின் மாற்றங்களுக்கு நமக்குள்ள சான்றுகளில் ஒரு பகுதி இத்தகையோரின் கவனக்குறைவால் கிடைத்தது.

இவற்றோடு தேதிகளைச் சேர்க்க வேண்டும். சில்லுகளிலும் ஏடுகளிலும் பத்தியின் முடிவிலோ வரியின் இடையிலோ மாதமும் நாளும் குறிக்கப்பட்டிருப்பதுண்டு. அன்றைய பங்கு அங்கு முடிந்தது. ஏட்டின் மேல் விளிம்பில் சில எழுத்துருக்கள் திருத்தமாக எழுதிக் காட்டப்பட்டிருக்கும். செய்யுளடி முடிவுகளில் செம்மையால் புள்ளி இடப்பட்டிருக்கும். சிலர் அடி எங்கே முடிகிறது என்று தெரியாமல் தவறான இடங்களில் இட்டிருக்கிறார்கள்.

இப்போது மொழிபெயர்ப்புகளைப் பார்ப்போம். பதிப்பாசிரியர் எல்லாப் படிகளையும் ஒப்பிட்டு, பிழை நீக்கி, ஒரு ‘நல்ல’ பாடத்தை உருவாக்குகிறார். மொழிபெயர்ப்பாளர் அதைப் பெயர்க்கிறார். கிடைப்பது இடைக்கால அரசின் ஆசிரியர் ஒருவரின் நூல், நியாயமான முயற்சிதான். ஆனால் அதே மொழிபெயர்ப்பை எடுத்து ‘எகிப்திய மாணவனின் வாழ்க்கை’ என்ற தலைப்பின்கீழ் வைக்கும்போது பிழை நேர்கிறது. அப்பாடத்தில் மாணவன் இல்லை. அவனை நீக்கித்தான் அப்பாடம் ஆக்கப்பட்டது.

ஆகவே நோக்கத்திற்கேற்ப இரு மொழிபெயர்ப்புகள் வேண்டும் என்பது கட்டுரையாளர் துணிபு. நூலாசிரியரைத் தேடுவோர்க்குச் செம்மைப்பாடம் போதும். பழகுநனைத் தேடுவோர்க்கு ஒரே ஒரு சில்லு, அது உள்ளவாறு, பெயர்க்கப்பட வேண்டும்: முறிந்த இடத்தில் முறிந்து, தேதியோடு, செம்புள்ளியோடு, பொருந்தாச் சொல் பொருந்தாச் சொல்லாகவே நிற்க. தமிழில் இதற்கு வழி இல்லாமல் இல்லை. மூலம் பழைய மொழியாதலின் பழைய தமிழ்நடையை அடித்தளமாகக் கொண்டு, பழகுநனின் பேச்சு நழுவும் இடத்தில் மட்டும் இற்றைத் தமிழ் வடிவம் நழுவ விடலாம். ‘அவன் மகன்’ என்று வரவேண்டிய இடத்தில் ‘அவனோட பையன்’ என்று ஓரிடத்தில் வந்தால் படிப்பவர் துணுக்குறுவார். அத்துணுக்குறலே மூலத்தில் நிகழ்ந்தது. இதனை அளவின்றிச் செய்தால் கேலியாகிவிடும் என்ற எச்சரிக்கையும் வேண்டும். ஒலிப்பு மாற்றத்தால் வந்த எழுத்துப்பிழைகளைத் தமிழ் எழுத்துப்பிழைகளாக ஆக்கிக் காட்ட முயல்வது வீண்வேலை, அவை குறிப்பில் அடங்கத்தக்கவை.

அமென்நாக்தின் வழியினர் தலைமுறைதோறும் கல்லறை எழுத்தர் பதவியை வகித்தனர். அவ்வழியில் வந்த துத்மோசே பதினோராம் இராமெசேசின் இறுதி ஆண்டுகளில் அலுவல் காரணமாக ஊரைவிட்டு நெடுந்தொலைவு சென்றிருந்தபோது எழுதிய கடிதங்கள் நமக்குக் கிடைத்துள்ளன. அவை அலங்காரமற்ற பிற்கால எகிப்தியத்தில் அமைந்தவை. நோயும் கவலையும் வீட்டார் நலமும் பேசும் இக்கடிதங்களுள் ஒன்றில், பள்ளியிலுள்ள பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி ஊரிலிருப்போரைக் கேட்டுக்கொள்கிறார். பல்தொகுப்புகளின் உவமைகளோ அச்சுறுத்தலோ அதில் இல்லை. அதனைத் தமிழாக்குவோர் கடிதத் தமிழில், வீட்டுக்கு எழுதுபவர் எழுதுவதுபோல் எழுதினால் போதும். அவர் மகன் புத்தேஹாமூன் தந்தைக்குப் பின் அப்பதவிக்கு வந்தார். தீப்சு மலைப் பாறைகளில் அவர் தம் பெயரைப் பல இடங்களில் எழுதி வைத்துள்ளார்.